பச்சைக் கறியா, பிஸ்கட் மூட்டையா: பத்து மாதக் கணக்கு

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். வீரா 30 கிலோ எடையுள்ள அல்சேஷன். மின்னல், செம்பனைத் தோட்டத்திலிருந்து என் மோட்டார் சைக்கிளைத் துரத்திக்கொண்டே வந்து, வாசலிலேயே தங்கிவிட்ட 14 கிலோ நாட்டு நாய். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட லயத்தில் நாங்கள் இருந்த காலத்தில் நாய்க்கென்று தனிச் சாப்பாடு கிடையாது. மிஞ்சிய சோறு, மீன் தலை, குழம்புச் சட்டி கழுவிய தண்ணீர், அவ்வளவுதான். "அதைத் தின்றே பன்னிரண்டு வருடம் இருந்தது நம்ம கருப்பன்" என்று அம்மா இப்போதும் சொல்வார். நான்கு வயதில் செத்துப்போன நாய்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் இரண்டையும் கொடுத்துப் பார்த்தவன். மூன்று வருடம் மூட்டையில் வரும் நாய் பிஸ்கட். பிறகு பத்து மாதம் பச்சை இறைச்சி. இப்போது மறுபடியும் பிஸ்கட். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். ஆனால் பச்சைக் கறி கெட்டது என்று நான் அதை விடவில்லை. விட்ட காரணம் வேறு.

மாறியதற்குக் காரணம் மின்னலின் தோல். மழைக்காலம் வந்தால் வயிற்றடியில் சிவந்துவிடும், இரவெல்லாம் சொறிவான். பச்சை இறைச்சி கொடுத்தால் சரியாகும் என்று வேலையிடத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். இந்த முறைக்கு உலகம் முழுவதும் ஆள் சேர்த்தவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். 1993-இல் அவர் எழுதிய நூலுக்குப் பிறகுதான் இது ஓர் இயக்கம்போல் பரவியது. இன்று பலர் பின்பற்றும் கணக்கு எளிது: நூற்றில் 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 10 பங்கு உள்ளுறுப்பு. அந்தப் பத்தில் பாதி ஈரலாக இருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு அதன் உடல் எடையில் இரண்டு முதல் மூன்று விழுக்காடு.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வீரா ஆடிய ஆட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மலம் பாதியாகக் குறைந்தது, நாற்றமும் அவ்வளவாக இல்லை. கூண்டு கழுவுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பல் வெளுத்தது. முடி பளபளத்தது. மின்னலின் சொறியும் அடங்கியது. ஆனால் அதே மாதத்தில்தான் உண்ணி மருந்தையும் மாற்றியிருந்தேன். எது குணப்படுத்தியது என்று சத்தியம் செய்ய என்னால் ஆகாது. பிஸ்கட்டுக்குத் திரும்பிய பிறகு அடுத்த மழைக்காலத்தில் கொஞ்சம் சொறிந்தான், முன்பு அளவுக்கு இல்லை. ஒரு நாயை வைத்துக்கொண்டு இதற்குமேல் பேசக் கூடாது.

"நாய் ஓநாயின் வாரிசு, அதற்கு எதற்குத் தானியம்" என்ற வாதம் மட்டும் என்னிடம் எடுபடவில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது, நாயிடம் நான்கு முதல் முப்பது வரை இருக்கிறது என்று 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். மனிதன் வாசலில் ஆயிரக்கணக்கான ஆண்டு சோறு தின்ற பிராணி அது. அம்மாவின் கருப்பனுக்கு இந்த ஆய்வு தேவைப்படவில்லை.

செலவை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கறி என்றால் இரண்டு நாய்க்கும் சேர்த்து நாளுக்கு 1.1 கிலோ, மாதம் 33 கிலோ. சதை எடுத்த கோழி எலும்பு எங்கள் மார்க்கெட்டில் கிலோ நான்கு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. ஆனால் தொடைக்கறியும் ஈரலும் சேர்த்தால் சராசரி ஏழு வெள்ளி ஆகிவிடும். மாதம் 230 வெள்ளிக்குக் குறையாது. 2023 நவம்பரில் கோழிக்கான உச்சவரம்பு விலையை அரசாங்கம் எடுத்துவிட்டதால் அந்தக் கணக்கும் வாரத்துக்கு ஒரு விதமாக இருந்தது. பிஸ்கட் நாளுக்கு 550 கிராம் போதும். நான் வாங்கும் நடுத்தர ரகம் மாதம் 150 வெள்ளிக்குள் முடிகிறது. விலை உயர்ந்த ரகம் வாங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மறைந்துவிடும், ஆகவே பணத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

மலிவு என்று அந்தச் சதை எடுத்த கோழி எலும்பை மட்டும் கொடுக்கப் போனதுதான் என் முதல் தவறு. ஒட்டியிருக்கும் கொஞ்சச் சதை, தோல் போக அதில் பாதிக்கு அருகில் எலும்புதான். முதல் வாரம் மின்னல் வேலியோரம் முதுகை வளைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் முக்கினான். விழுந்தது சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது, காலால் தட்டினால் பொடியாக உதிர்ந்தது. எலும்பைக் குறைத்த மூன்றாம் நாள் சரியானது. எலும்பே இல்லாமல் கறி மட்டும் போடுவது இதைவிட மோசம். சதையில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. நாய்க்கு வேண்டியதோ ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கால்சியம். இந்தக் கணக்குத் தவறினால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். குட்டி நாயாக இருந்தால் கால் வளைந்துவிடும், எலும்பு சும்மாவே முறியும். குட்டி வளர்க்கிறவர்கள் மார்க்கெட் கறியை நம்பி இதில் இறங்கவே கூடாது என்பது என் கருத்து.

உள்ளுறுப்பு இன்னொரு தலைவலி. இந்த முறையைக் கற்றுக்கொடுப்பவர்கள் மாட்டு ஈரல், மாட்டுச் சிறுநீரகம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சி வராது. ஆட்டினுடையது நமக்கே கட்டாத விலை. பன்றி இறைச்சி பச்சையாகக் கொடுக்கவே கூடாது. ஆஜெஸ்கி என்ற நோய்க்கிருமி பன்றியிலிருந்து நாய்க்கு வந்தால் அநேகமாகச் சாவுதான். தோட்டத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் காட்டுப்பன்றியின் குடலை நாய்களுக்கு வீசுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இனிமேல் பார்த்தால் சொல்ல வேண்டும். போதாததற்கு, வீரா எலும்பைத் தின்று முடிக்காமல் வேலி இடுக்கில் கொண்டுபோய்ப் புதைக்கிறவன். அந்தப் பக்கம் மலாய்க் குடும்பம். பன்றி இல்லை, கோழி எலும்புதான் என்று நான் போய்ச் சொன்னபோது அந்த வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) சிரித்துவிட்டார், ஆனாலும் எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. எலும்பு நாற்றத்துக்கு வடிகாலிலிருந்து உடும்பும் வந்தது.

கிருமியைப் பற்றி எல்லாரும் சொல்வதுதான், ஆனால் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய சோதனையில், விற்பனைக்கு வந்த 196 பச்சை நாய், பூனை உணவு மாதிரிகளில் 15-இல் சால்மொனெல்லாவும் 32-இல் நோய் தரும் லிஸ்டீரியா வகையும் இருந்தன. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இலேயே பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம் என்று கொள்கை முடிவு எடுத்துவிட்டது. ஃப்ரீசரில் வைத்தால் சால்மொனெல்லா சாகாது, தூங்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், ஆனால் மலத்திலும் எச்சிலிலும் கிருமி வெளியேறும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இனிப்புநீர் நோய். பத்து மாதமும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் சுத்தமா, அதிர்ஷ்டமா, யார் கண்டது.

பிஸ்கட் மட்டும் உத்தமமா? 2007-இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்து, வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 2018-இல் தானியமில்லாத ரகங்களுக்கும் நாய்களின் இதய வீக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று அதே அமெரிக்க நிர்வாகம் விசாரணை தொடங்கியது. 'தானியம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் நான் வாங்குவதில்லை. நம் வெப்பத்தில் திறந்த மூட்டை ஒரு மாதத்துக்குமேல் தாங்காது, கொழுப்புச் சிக்கு வாடை அடிக்கும். மூட்டையின் வாயைக் கட்டி வைத்தால் போதும் என்று நினைத்தால் இரண்டாம் இரவே எலி அடியில் ஓட்டை போட்டுவிடும். எலி வந்தால் எலிச்சிறுநீர்க் காய்ச்சலும் கூடவே வரும். மூடி இறுகும் வாளி ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லை ஒழிந்தது.

இதுவரை சொன்ன எதற்காகவும் நான் பச்சைக் கறியை விட்டிருக்க மாட்டேன். கணக்கைக் கற்றுக்கொண்டேன், தனி ஃப்ரீசர் 750 வெள்ளிக்கு வாங்கினேன். வெள்ளிக்கிழமை விரதத்துக்குப் பால் வைக்கிற குளிர்பெட்டியில் நாயின் ஈரலை வைக்க அம்மா விடுவாரா? ஞாயிறு காலை மார்க்கெட், மதியம் வெட்டி எடைபோட்டு, இரண்டு நிறப் பைகளில் கட்டி அடுக்குவேன். நீலம் வீராவுக்கு, சிவப்பு மின்னலுக்கு. இடி இடித்தால் எங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் விழும். அதனால் உறைந்த தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் இருபது சென் காசு ஒன்றை வைத்திருந்தேன். வீடு திரும்பும்போது காசு மேலேயே இருந்தால் கறி உருகவில்லை, அடியில் கிடந்தால் எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதுதான். இப்படி ஒரு முறை 18 கிலோ போனது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது தீபாவளிக்கு ஜொகூரில் தங்கை வீட்டுக்குப் போன அந்த நான்கு நாள். நாய்களை எதிர்வீட்டு மாமாவிடம் ஒப்படைத்தேன். தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர், எங்கள் நாய்கள்மீது எங்களைவிடப் பாசம். நீலப் பை, சிவப்புப் பை, முதல் நாள் இரவே எடுத்துக் கீழ்த்தட்டில் வையுங்கள், அப்படியே போடுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினார்.

மூன்றாம் நாள் இரவு அழைத்தார். வீரா வாந்தி எடுக்கிறான், வயிற்றைத் தொட விடவில்லை. "என்ன மாமா கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தீபாவளியும் அதுவுமா வாயில்லா ஜீவனுக்கு ரத்தமும் சதையுமாப் பச்சையாப் போட மனசு வரல தம்பி. மஞ்சள் போட்டு வேகவைத்துத்தான் கொடுத்தேன்."

வெந்த எலும்பு. பச்சை எலும்பு வளையும், நசுங்கும். வெந்தது ஈர்க்குச்சி மாதிரிப் பிளக்கும். பச்சை எலும்பிலும் பல் உடைவது, குடல் அடைப்பது உண்டு என்றாலும் இது அதைவிடப் பல மடங்கு ஆபத்து. மறுநாள் காலை மாமாவின் மகன் அவனை ஈப்போவுக்குக் காரில் ஏற்றிப் போனான். எக்ஸ்ரேயில் குடலில் துண்டுகள் தெரிந்தன, துளை விழவில்லை. இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள், அறுவை வேண்டியிருக்கவில்லை. 480 வெள்ளி. மாமா தன் பணத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அதை வாங்கவும் முடியவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

அன்றைக்குத்தான் இரண்டையும் எந்தத் தராசில் வைக்க வேண்டும் என்று புரிந்தது. பச்சை உணவு முறை முழுவதும் என் தலைக்குள் இருந்தது. எடை, பங்கு, எது எந்தப் பை, எது வேகக் கூடாது, எல்லாம். நான் இரவு ஷிஃப்ட்டில் இருந்தாலும், காய்ச்சலில் படுத்தாலும், சாவு வீட்டுக்கு ஓடினாலும் அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போக முடியாது. பிஸ்கட்டை யார் கையிலும் கொடுக்கலாம். எட்டு வயதுப் பையன் குவளையில் அள்ளிப் போடுவான். தவறினால் ஒரு பிடி கூடும், ஒரு பிடி குறையும், அவ்வளவே. பெரிய ஊர்களில் எடைபோட்டுப் பொட்டலமாக உறைய வைத்து விற்கிறார்கள். அதை வாங்க வசதியும், வீட்டில் எந்நேரமும் முறை தெரிந்த ஒரு பெரியவரும் இருந்தால் என் வாதம் பாதி வலுவிழக்கும். எங்கள் ஊர் மார்க்கெட் கறியும், ஷிஃப்ட் வேலையும், நல்ல மனதுள்ள அக்கம்பக்கமும் இருக்கிற வீட்டுக்குப் பிஸ்கட்தான் சரி.

ஒரேயடியாக மாற்றவில்லை. பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிஸ்கட்டைக் கூட்டினேன், இல்லாவிட்டால் வயிறு கலங்கும். வீரா முதல் மூன்று நாள் தட்டை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஞாயிறன்று எலும்பில்லாத கோழியை உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்து ஒரு கைப்பிடி மேலே போடுகிறேன். பல்லுக்குத்தான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. வாரத்துக்கு மூன்று முறை தேய்க்கிறேன் என்று சொல்ல ஆசை, ஒரு முறைதான் நடக்கிறது. ஃப்ரீசரை ஐஸ்கிரீம் குச்சி விற்கும் ஒரு அக்கா 500 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டார்.

சென்ற தீபாவளிக்கும் ஜொகூர் போனோம். கோடு போட்ட தகரக் குவளையையும் வாளியையும் மாமாவிடம் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் நாய்த்தட்டுகளில் பிஸ்கட் கூழாக ஊறிக்கிடந்தது. காய்ந்ததைப் பாவம் எப்படி விழுங்கும் என்று ஒவ்வொரு வேளையும் வெந்நீர் ஊற்றியிருக்கிறார். இரண்டு நாய்களும் தட்டைத் துடைத்து நக்கிவிட்டு அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன.