குழந்தைக்கு வயித்து ஸ்கேன்னா இங்க நம்பிப் போகலாம்

அக்கா பொண்ணுக்கு இன்னும் மூணு வயசு முடியல, அதுக்குள்ள அந்தரங்க இடத்துல முடி, மூஞ்சில பரு, குரல் வேற கட்டையாயிடுச்சு, வளர்த்தியும் வயசுக்கு மீறி. சொந்தக்காரங்க எல்லாம் நல்ல ஊட்டம்னு சொல்லிட்டு இருந்தாங்க. குழந்தைங்க ஹார்மோன் டாக்டர்தான் ரத்தத்துல டிஎச்இஏஎஸ்ங்கற ஆண் தன்மை ஹார்மோன் ரொம்ப ஏறியிருக்கு, அதைச் சுரக்குற அட்ரீனல்ல (கிட்னிக்கு மேல இருக்குற சுரப்பி) கட்டி இருக்கலாம், இது அபூர்வமா வர்றது ஆனா விடக்கூடாதுன்னு சொல்லி இந்த சென்டருக்கு அனுப்புனார்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல எடுத்த ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு குடுத்துட்டாங்க, அந்த ரிப்போர்ட்ல அட்ரீனல்னு ஒரு வார்த்தைகூட இல்ல. இங்க குழந்தைங்களுக்குன்னே படிச்ச ரேடியாலஜி மேடம் இருக்காங்க, அவங்களே பாத்தாங்க. அக்கா மடியில உக்கார வச்சு, அழுதா நிறுத்தி, "என் தங்கம்ல, இதோ முடிஞ்சிருச்சும்மா"ன்னு பேசிக்கிட்டே கல்லீரலுக்குப் பின்னாடி வலது கிட்னிக்கு மேல இருந்த கட்டியைப் புடிச்சுட்டாங்க. அதோட விடல, ரத்த ஓட்டம் பாக்குற டாப்ளர் போட்டு, இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற பெரிய ரத்தக்குழாய்க்குள்ள கட்டி ஏறியிருக்கான்னும் பாத்தாங்க, வலது பக்கம் அட்ரீனல்ல இருந்து வர்ற ரத்தக்குழாய் நேரா அதுலதான் போய் சேருதாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது சிடி ஸ்கேன் எடுத்த விதம். டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டு, வயிறும் நெஞ்சும் ஒரே தடவை, குழந்தை எடைக்கு ஏத்த அளவு டோஸ், படம் தெளிவா தெரிய ஊசில ஏத்துற மருந்து போடாம ஒண்ணு, போட்டு ஒண்ணுன்னு ரெண்டு ரவுண்டு எல்லாம் எடுக்கல. ஏன்னா இந்த அட்ரீனல் கார்டெக்ஸ் (சுரப்பியோட வெளிப்பகுதி) கட்டி வர்ற குழந்தைங்கள்ல பாதிக்கு மேல, கேன்சர் வராம காக்குற டிபி53 ஜீன்ல பிறவியிலேயே கோளாறு இருக்குமாம், அவங்களுக்கு ரேடியேஷன் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. இனிமே ஃபாலோஅப்புக்கு முடிஞ்சவரை அல்ட்ராசவுண்டு, எம்ஆர்ஐ போதும்னும் சொல்லிட்டாங்க.

ரிப்போர்ட் சூப்பர். கட்டி சைஸ், ரத்தக்குழாய், கல்லீரல், நுரையீரல் எல்லாம் தனித்தனியா எழுதியிருந்துச்சு. இந்த வயசுல அட்ரீனல்ல அதிகமா வர்றது நியூரோபிளாஸ்டோமாங்கற நரம்பு செல் கேன்சர்தான்ங்கறதால, அது இருந்தா யூரின்ல ஏறுற விஎம்ஏ, எச்விஏ அளவைப் பாத்துக்கங்கன்னும் போட்டிருந்தாங்க. ஊசி போட்டு சதை எடுத்தா கட்டி சிதறிடும்னு சர்ஜன் பயாப்ஸி வேணாம்னுட்டார், இந்தப் படத்தை வச்சே பிளான் பண்ணி கட்டியை உடையாம முழுசா எடுத்துட்டாங்க.

குறைன்னா, சாப்பிடாம வர்ற குழந்தைங்களையும் டோக்கன் வரிசையில காக்க வைக்குறாங்க, அதை மாத்தியே ஆகணும். ரேட்டும் கொஞ்சம் கூடதான்.

போறவங்க பழைய ரிப்போர்ட், பிளட் டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டுப் போங்க, மேடம் ஒண்ணு விடாம பாக்குறாங்க. ஃபிலிம் மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, ஸ்கேன் படம் பதிஞ்ச டிஸ்க்கும் கேட்டு வாங்குங்க, சர்ஜன் கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் பாப்பார்.