முறுக்கிவிடும் டைமர்: தள்ளிப்போடும் பழக்கத்துக்கு எவ்வளவு உதவும்?

சமையலறைக்கென்று விற்கிற 60 நிமிட டைமர்தான். பேட்டரி கிடையாது. உள்ளே சுருள்வில், மேலே எண் போட்ட திருகு, நேரம் முடிந்ததும் ஒரு மணி. விலை சில நூறு ரூபாய். படிப்பையோ எழுத்து வேலையையோ "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

போனிலேயே டைமர் இருக்கிறதே என்றால், சிக்கலே அங்கேதான். நேரம் வைக்கப் போனை எடுத்ததும் வாட்ஸ்அப் கண்ணில் படும், அரைமணி போய்விடும். இந்த டைமரைத் திருப்பலாம், வைக்கலாம். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ டைமரை வைத்துப் படித்ததில் பிறந்ததுதான் பொமொடோரோ முறை. இத்தாலியில் அந்தச் சொல்லுக்குத் தக்காளி என்றே பொருள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் ஓய்வு.

திருகைத் தொடுமுன் ஒரு தாளில் வேலையை எழுதிவிடுங்கள். "பொருளாதாரம் படிக்கணும்" என்று எழுதினால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதல் ஐந்து நிமிடம் வீணாகும். "பணவீக்கம், 4 பக்கம், 10 கேள்வி" என்று எழுதுங்கள். நடுவில் கரண்ட் பில் ஞாபகம் வந்தால் தாளின் ஓரத்தில் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். எழுந்து போய்விட்டால் அந்தச் சுற்று கணக்கில் வராது, மறுபடி 25லிருந்து. இதில் சலுகை கொடுக்கவே கூடாது. உட்காரவே முடியாதவர்கள் முதல் வாரம் 10 நிமிடத்தில் தொடங்கலாம்.

பலருக்கும் கெட்டுப்போவது ஓய்வில்தான். வேலைக்கு டைமர் வைப்பார்கள், ஓய்வுக்கு வைக்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் நாற்பதாகும். ஓய்வுக்கும் முறுக்குங்கள். எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், போன் வேண்டாம்.

பொருளில் குறைகளும் உண்டு. நேராக 5 என்று வைத்தால் சுருள்வில் போதிய அளவு முறுக்கேறாது. முள் பூஜ்யத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடும், அல்லது மணி முனகிவிட்டு ஓயும். முதலில் 55 வரை திருப்பி, பிறகு வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். 60ஐத் தாண்டி வலிந்து திருப்பினால் உள்ளே பல்சக்கரம் போய்விடும். ஒன்றிரண்டு நிமிடம் முன்பின்னாக அடிப்பதும் உண்டு. படிப்புக்கு அது பரவாயில்லை. டிக் டிக் சத்தம் மரமேசையில் பெரிதாகக் கேட்கும், கைக்குட்டையை நான்காக மடித்து அடியில் வைத்தால் பாதி அடங்கும். காந்தம் வைத்த ரகத்தைப் பீரோவில் ஒட்டாதீர்கள், தகடு அதிர்ந்து சத்தம் இன்னும் கூடும்.

நூலகத்துக்கும் குழந்தை தூங்கும் அறைக்கும் இது ஒத்துவராது. விளக்கு மட்டும் மினுக்கும் டிஜிட்டல் ரகம் பாருங்கள். கோடிங், நீண்ட எழுத்து என்று மூழ்கிச் செய்யும் வேலையில் 25ஆம் நிமிட மணி ஓட்டத்தை அறுக்கும். அப்படி வேலை செய்பவர்களுக்கு 50 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு பொருந்தும்.

கடையில் வாங்கும்போது 55 வரை திருப்பி 2 நிமிடத்துக்கு வைத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.