மொட்டை மாடிக்கு 'மினி பாலிஹவுஸ்': அட்வான்ஸ் கொடுக்கும் முன் படிக்கவும்

கோவையில் வீட்டு மாடிக்கு பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் கூரை போட்ட செடிக் குடில்) போட்டுத் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற விளம்பரங்களைப் பார்த்து யாராவது பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் பொறுங்கள். கம்பெனி பெயரை நான் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, இதே வேலையை இதே லட்சணத்தில் வேறு பெயர்களில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆளைத் தெரிந்துகொள்வதைவிட வேலையைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு உபயோகம்.

எங்களுக்குத் தேவைப்பட்டது சாதாரண நிழல்வலைப் பந்தல்தான். 20க்கு 15 அடி இடம். தக்காளி, கத்திரி, மிளகாய், கொஞ்சம் கீரை, ஓரமாகப் பாகலும் பீர்க்கனும். சித்திரை வெயிலில் செடி கருகாமல் இருந்தால் போதும். அளவெடுக்க வந்தவர் வலை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. "வலையெல்லாம் பழைய காலமுங்கக்கா. இப்ப எல்லாரும் பாலிஹவுஸ்தான் போடறாங்க. பூச்சியே வராது, மருந்தே அடிக்க வேண்டாம், வருசம் பூரா காய்க்கும்" என்று செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். ஊட்டிப் பக்கத்து கார்னேஷன் குடில்கள், ஓசூர் ரோஜாக் குடில்கள்.

படங்கள் நிஜமானவை. ஆனால் மலையிலும் மேட்டு நிலத்திலும் இயல்பாகவே குளிர்ச்சி உண்டு. அங்கே பிளாஸ்டிக் கூரைக்குள் வெப்பம் தங்குவது செடிக்கு நல்லது. கோவை சமவெளியில், அதுவும் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளத்தின் மேல், அதே கூரை செடியை வேகவைக்கும். சூடான காற்று வெளியேற உச்சியில் திறப்பு இருக்க வேண்டும், எங்களுக்குப் போட்டதில் அதுவும் இல்லை. சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே தெர்மாமீட்டர் 44 டிகிரி காட்டியது. தக்காளிக்குப் பகல் வெப்பம் 35ஐத் தாண்டினாலே மகரந்தம் வீணாகிப் பூ கொட்டும். எங்கள் தக்காளியில் பூவுக்குக் குறைவில்லை, எல்லாம் தரையில் கிடந்தது.

விலை சதுர அடிக்கு 210 ரூபாய், மொத்தம் 63,000. இதில் மானியம் வாங்கித் தருகிறோம் என்று ஃபைல் சார்ஜ் தனியாக 3,000. இந்த மானியக் கதையை யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பசுமைக்குடிலுக்கும் (பாலிஹவுஸ்தான்) நிழல்வலைக் குடிலுக்கும் தோட்டக்கலைத் துறையில் மானியம் இருப்பது உண்மை. ஆனால் அது நிலம் வைத்து விவசாயம் செய்கிறவர்களுக்கு. சிட்டா, அடங்கல் கேட்பார்கள். மொட்டை மாடிக்கு ஏது சிட்டா? வீட்டுத் தோட்டத்துக்கு என்று துறை மானிய விலையில் கொடுத்தது பைகள், தென்னை நார்க்கழிவு, விதை அடங்கிய மாடித் தோட்டத் தளை (கிட்). அதை நாமே நேராக வாங்க முடிந்தது, இடையில் ஆள் தேவைப்படவில்லை.

சரி, கொட்டேஷனுக்கு வருகிறேன். ஏமாற்றுவேலை முழுக்க அந்தத் தாளில்தான் இருந்தது. 'ஜி.ஐ. பைப் ஸ்ட்ரக்சர், யு.வி. ஷீட், இன்செக்ட் நெட், 50% ஷேட் நெட், 5 வருட கேரண்டி.' அவ்வளவுதான். பைப் எத்தனை எம்.எம். கனம், ஷீட் எத்தனை மைக்ரான், வலை சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், எதுவும் இல்லை. கேட்டதற்கு "ஒன்றரை இஞ்ச் பைப், 2 எம்.எம்., ஸ்டாண்டர்டு ஐட்டம்தாங்க" என்று வாயால் சொன்னார். தாளில் எழுதித் தரச் சொன்னபோது "கம்ப்யூட்டர் ஃபார்மட்ல அதுக்குக் கட்டம் இல்லைங்கக்கா" என்றார்.

வேலை முடிந்ததும் வெட்டி மீந்த துண்டுகளை மூலையில் போட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒரு அடித் துண்டு ஒன்றை எடுத்து சமையலறைத் தராசில் வைத்தேன். 430 கிராம். ஒன்றரை இஞ்ச் பைப் 2 எம்.எம். கனம் என்றால் ஒரு அடி ஏறக்குறைய 700 கிராம் வர வேண்டும். 430 என்பது 1.2 எம்.எம். பைப்பின் எடை. முழு நீளமாகச் சொன்னால், 20 அடிக் குழாய் ஒன்று 14 கிலோவுக்குப் பக்கமாக இருக்க வேண்டியது எட்டரை கிலோவில் வந்திருக்கிறது. இரும்பு விற்பது கிலோ கணக்கில். அந்த வித்தியாசம் யார் பைக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அது ஜி.ஐ.யும் இல்லை. ஜி.பி. பைப். பைப்பைச் செய்து முடித்துவிட்டு, உருகிய துத்தநாகத்தில் முழுசாக முக்கி எடுப்பது ஜி.ஐ. முன்பே துத்தநாகம் பூசிய தகட்டை உருட்டி வெல்டிங் வைப்பது ஜி.பி. இதில் பூச்சு மெல்லிசு, வெல்டிங் ஓடும் கோட்டில் அதுவும் எரிந்துபோகும். வெளிப்பக்கம் சில்வர் அடித்து மறைத்துவிடலாம், உள்பக்கம் முடியாது. பைப்பின் வாய்க்குள் டார்ச் அடித்தால் நீளவாக்கில் ஒரு கோடு தெரியும். எங்கள் துண்டில் அந்தக் கோடு அப்போதே செம்பட்டையாகத் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஜி.பி. போடுவது குற்றம் இல்லை, விலை குறைவு, பலர் தெரிந்தே போடுகிறார்கள். ஜி.ஐ. என்று எழுதி ஜி.ஐ. விலை வாங்கிக்கொண்டு ஜி.பி. இறக்குவதற்குப் பெயர் வேறு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஜி.ஐ. குழாயில் கனத்துக்கு ஏற்ப வண்ணப் பட்டை இருக்கும்: ஏ கிளாஸுக்கு மஞ்சள், பி நீலம், சி சிவப்பு. லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள், மாடியேறி வெட்டிய பிறகு கேட்டால் பதில் வராது.

வலை விஷயம் இன்னும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். செல்போனில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டர் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. எண் துல்லியமாக இருக்காது, ஆனால் உள்ளே வெளியே ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். வெளியே 90,000 காட்டிய நேரத்தில் உள்ளே 19,000. ஷீட் கொஞ்சம் தின்றது போக, 50% வலையாக இருந்தால் 35,000க்கு மேல் வந்திருக்க வேண்டும். தனியாக ஒரு துண்டு வலையை போன் மேல் பிடித்தும் பார்த்தேன். அது 75% வலை. காய்கறிக்கு 35 முதல் 50% நிழலே போதும், 75% எல்லாம் அலங்காரச் செடிக்குப் போடுவது. கத்திரி வெளிச்சம் தேடி ஒல்லியாக நெடுநெடுவென்று போய்ச் சாய்ந்தது. நிழல்வலைக்கு ஐ.எஸ். 16008, குடில் ஷீட்டுக்கு ஐ.எஸ். 15827 என்று தனித்தனித் தரநிலைகள் இருக்கின்றன. அந்த எண்ணைச் சொன்னதும் வந்தவர் முகம் மாறினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

'பூச்சியே வராது' என்றாரே, அந்தக் கதை. பூச்சி வந்தது வலை வழியாக இல்லை, கதவு வழியாக. இரட்டைக் கதவு வைக்காத குடிலுக்குள் வெள்ளை ஈ ஒருமுறை நுழைந்துவிட்டால் அதற்கு அரண்மனை வாசம், தின்ன எதிரிப் பூச்சிகூட உள்ளே வராது. வர வேண்டிய தேனீயும் வரவில்லை. பாகலிலும் பீர்க்கனிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, தேனீ இல்லாமல் பிஞ்சு பிடிக்காது. பீர்க்கன் பூ சாயங்காலம்தான் விரியும் என்பதால் விளக்கு வைக்கும் நேரத்தில் நான் தூரிகையோடு மாடியில் நின்றுகொண்டிருந்தேன். இந்த விஷயத்தைப் பொருளை விற்கிறவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தது. 200 மைக்ரான் என்று வாயால் சொன்ன ஷீட் விளிம்பில் கிழிந்து, ஒரு பெரிய துண்டு போய்த் தெருவில் மின்கம்பியில் மாட்டிக்கொண்டது. மின்வாரிய ஆட்கள் வந்து எடுக்கும் வரை தெருவுக்கே கரண்ட் இல்லை. வளைவு பைப் இரண்டு முறுக்கிக்கொண்டன. போன் செய்தால் "காத்துக்கெல்லாம் கேரண்டி கிடையாதுங்க" என்றார். ஷீட் தயாரித்த கம்பெனியிடம் கேட்கலாம் என்றால் பில் வேண்டும். ஜி.எஸ்.டி. பில்லுக்கு 18 சதவீதம் கூட ஆகும் என்று சொல்லி, எங்களுக்கு வெறும் எஸ்டிமேட் தாளில் சீல் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய சேதம் தளத்தில். தளத்தில் ஒரு துளைகூடப் போட மாட்டோம், கான்கிரீட் பீடம் வைத்து அதில்தான் கால் நிறுத்துவோம் என்று பேச்சு. சூப்பர்வைசர் டீ குடிக்கப் போன நேரத்தில் பையன்கள் தட்டோட்டை உடைத்து, அடியில் இருந்த சுண்ணாம்பு ஜல்லியையும் தாண்டி ஆங்கர் போல்ட் இறக்கிவிட்டார்கள். ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரையில் நாலு இடத்தில் ஈரம் வட்டம் வட்டமாகப் பூத்தது. மாடியில் எந்த வேலை நடந்தாலும் டிரில் மெஷின் மேலே ஏறும்போது நீங்களும் கூடவே ஏறுங்கள்.

பணம் கொடுக்கும் முறையையும் கவனியுங்கள். ஆர்டருக்கு 50, பொருள் இறங்கியதும் 40, முடிந்ததும் 10 சதவீதம் என்றார்கள். அந்தப் பத்து சதவீதத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அதை விட்டாலும் அவர்களுக்கு லாபம்தான் என்பது இதிலேயே தெரிகிறது. குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒரு மழையும் ஒரு காற்றும் பார்த்த பிறகு என்று எழுதி வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாத ஆள் வேண்டாம்.

இதே மாதிரி மாட்டியவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளின் தரத்தில் சண்டை என்றால் ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். அதனால் மீந்த பைப் துண்டு, கிழிந்த ஷீட், வலை, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்காரரிடமும் போட்டுவிடாதீர்கள். துளை போட்ட இடங்களை அடைப்பதற்கு முன்னால் அளவுநாடா தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.