"பாதி கட்டினால் போதும், கடனை முடித்துத் தருகிறோம்" என்று வருபவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கடன் செட்டில்மென்ட் செய்து தருவதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடும் ஒரு கம்பெனியிடம் என் தம்பி நன்றாக ஏமாந்துவிட்டான். பெயரை எழுதவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெயர்தான் வேறு, பேச்சு ஒன்றுதான்.

தம்பிக்குக் கோவையில் பம்ப் கம்பெனியில் வேலை. கிரெடிட் கார்டில் 1,80,000 ரூபாய் பாக்கி, அதுபோக ஒரு பர்சனல் லோன். கார்டுக்கு மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 9,000 மட்டும் கட்டிக்கொண்டிருந்தான். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டியே 6,300, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,134, ஆக அசலில் கழிந்தது 1,566 ரூபாய்தான். இப்படியே போனால் எப்போது முடியும் என்று வெறுத்துப்போயிருந்த நேரத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது.

பதிவுக் கட்டணம், அப்புறம் மாதாமாதம் ஒரு கட்டணம். வாங்கிக்கொண்டு அவர்கள் சொன்னது: "இனிமே ஈ.எம்.ஐ. கட்டாதீங்க சார், பேங்க்ல இருந்து போன் வந்தா எடுக்காதீங்க, எங்க வக்கீல் பாத்துப்பார்."

தயவுசெய்து இந்தப் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். கட்டாமல் விட்டதும் ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனதற்கு ஒரு கட்டணம், லேட் ஃபீஸ், அதற்கும் மேல் வட்டி என்று பாக்கி ஏறிக்கொண்டே போனது. 90 நாள் தாண்டியதும் வாராக்கடன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஒருநாள் அம்மா தனியாக இருக்கும்போது வசூல் ஆள் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி பேசியிருக்கிறான். தம்பி பதறிப்போய் கம்பெனிக்குப் போன் செய்தால், "இதெல்லாம் நார்மல் சார், ப்ராசஸ் போயிட்டிருக்கு" என்று பதில்.

வக்கீல் அனுப்பிய கடிதத்தை வாங்கிக் காட்டு என்று நான் பிடிவாதம் பிடித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. மேலே தம்பி பெயர் இருக்கிறது, இரண்டாவது பத்தியில் யாரோ ஒருவருடைய பெயரும் வேறொரு வங்கியின் பெயரும் அப்படியே கிடக்கின்றன. அதையும் வங்கியின் கஸ்டமர் கேர் மெயிலுக்கு அனுப்பி, தானாக வரும் பதிலை வாங்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் மொத்த வேலையும். இதற்கா மாதாமாதம் பணம்!

பிறகு நாங்களே வங்கிக்கு எழுதிப் பேசினோம். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "தவணை தவறுறதுக்கு முன்னாடி வந்திருந்தா மொத்தப் பாக்கியையும் குறைஞ்ச வட்டி ஈ.எம்.ஐ.யா மாத்தியிருக்கலாமே" என்றார். அதற்கு ஏஜென்ட் வேண்டாம், கட்டணமும் இல்லாமல் நீங்களே கேட்கலாம். இப்போது வங்கியே பாக்கித் தொகையைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னது, ஆனால் அப்படி முடித்தால் சிபில் அறிக்கையில் (நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் அறிக்கை) 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் முடித்தது என்று பதிவாகும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனால் அதைப் பார்த்தே யோசிப்பார்கள். கம்பெனிக்காரர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில் அம்மா நகையை வங்கியில் அடகு வைத்துக் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழையும் வாங்கிவிட்டோம். வங்கி நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கார்டை மூடியாச்சு. பர்சனல் லோன் தவணை சம்பளம் வந்த மறுநாளே போய்விடும், மிச்சத்தில்தான் வீட்டுச் செலவு. கஷ்டம்தான், ஆனால் அசல் குறைகிறது.

வழியே இல்லாமல் செட்டில்மென்டுக்குத்தான் போக வேண்டும் என்றால், தொகையை வங்கியின் கடிதத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு உங்கள் லோன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் வங்கியில் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை, விவரத்துக்கு 14448.

ஆனால் இந்த செட்டில்மென்ட் கம்பெனிகள் வங்கியும் இல்லை, நிதி நிறுவனமும் இல்லை. அதனால் அவர்கள்மேல் அங்கே புகார் எடுபடாது. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள், நாங்களும் அதைத்தான் செய்திருக்கிறோம். அவர்களுக்கு ஆட்டோ டெபிட் அனுமதி கொடுத்திருந்தால் அதை இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள்.