போத்தல் கூலருக்குப் பெயின்ட் அடித்து ஃப்ரீசர் என்று விற்றார்கள்

2024 ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் 95,000 ரூபா கொடுத்து டீப் ஃப்ரீசர் வாங்கினேன். வாங்கியது ஃப்ரீசரே இல்லை என்பது பெருநாள் முடிந்து மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

எங்கள் வீடு தெமட்டகொடையில். மனைவி வீட்டிலிருந்தே ரோல்ஸ், கட்லட், பெட்டிஸ் ஓடர் எடுத்துச் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை சுருட்டி வைத்தால் கிழமை முழுக்கப் பொரித்துக் கொடுக்கலாம். ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் எவ்வளவுதான் அடுக்குவது? அதோடு பெருநாளுக்கு அறுத்துப் பங்கிடும் உழ்ஹிய்யா இறைச்சியும் வரப் போகிறது. புதுப் பெட்டி பார்த்த இடத்திலெல்லாம் ஒன்றரை இலட்சத்துக்குக் குறையவில்லை. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் இந்தக் கடையைச் சொன்னார்.

மாடிப்படி ஏறிப் போனால் வரிசையாகப் பெட்டிகள், எல்லாம் பளபளவென்று வெள்ளை. "ஷோரூம் பீஸ் நானா. மூடியில ஒரு கீறல், அதான் விலை குறைவு. 300 லீட்டர். கைய வெச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர். வைத்தேன். உள்சுவரில் விரல் தடிப்புக்கு உறைபனி, கை ஒட்டிக்கொண்டது. அத்தோடு என் பரிசோதனை முடிந்தது. பின்பக்கம் விபரத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்ததையும் பார்த்தேன். கேட்டதற்கு, லொறியில் வரும்போது கழன்று விழுந்துவிட்டது என்றார். அதையும் நம்பினேன். பில்லில் கையால் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ஃப்ரீசர் 1". மொடல் இல்லை, தொடர் இலக்கம் இல்லை, புதியதா பழையதா என்றும் இல்லை.

பெருநாளன்று எங்கள் பங்கும் மாமி வீட்டுப் பங்குமாக 22 கிலோ இறைச்சியை இரண்டு இரண்டு கிலோப் பைகளாகக் கட்டி, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரேயடியாக உள்ளே வைத்தோம். மறுநாள் மேலே இருந்த பைகள் கல்லாக இருந்தன. மூன்றாம் நாள் மூடியைத் திறந்த மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. பைகளின் வெளிப்புறம் இறுகி, நடுவில் விரல் வைத்தால் பொதுக்கென்று அமுங்கியது. ஏழைகளுக்குக் கொடுத்த பங்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, எங்கள் பங்குதான் குப்பை வண்டிக்குப் போனது.

மாளிகாவத்தையிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பி வந்தார். வெப்பமானியை உள்ளே வைத்து ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் மைனஸ் 6 பாகை. இறைச்சியை நீண்ட நாள் வைக்க மைனஸ் 18 வேண்டும். கீழ் மூடியைக் கழற்றி கொம்ப்ரசரைப் பார்த்தார், பிறகு மேல் மூடியின் ஓரத்தைச் சாவியால் சுரண்டினார். வெள்ளைக்கு அடியில் நீலம் வந்தது, நீலத்தில் பாதி எழுத்து வந்தது. "நானா, இது சோடாக் கடைல வைக்கிற போத்தல் கூலர். தெர்மோஸ்டாட்ட மட்டும் மாத்தியிருக்காங்க."

அவர் விளக்கியது இது. போத்தல் கூலரின் கொம்ப்ரசர் பூச்சியத்துக்குச் சில பாகை மேலே சோடாவை வைத்திருக்கச் செய்யப்பட்டது. குளிரின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினால் நிற்காமல் ஓடும், வெறும் பெட்டியின் சுவரில் உறைபனியும் பிடிக்கும். ஆனால் இளஞ்சூட்டோடு இறைச்சி உள்ளே வந்தால் அந்தச் சூட்டை வெளியேற்ற அதற்குச் சக்தி இல்லை. சுவரின் காப்பும் மெல்லியது. ஆக, கடையில் என் கையில் ஒட்டிய உறைபனிக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

என் பிழையும் ஒன்று உண்டு. நல்ல ஃப்ரீசரில்கூட ஒரே நாளில் 22 கிலோ வைத்திருக்கக் கூடாது. புதிதாக உறையவைக்கும் சாமான் 100 லீட்டருக்கு நாளொன்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து கிலோ என்பதுதான் கணக்கு. பையையும் ஒரு கிலோவாகத் தட்டையாகக் கட்டினால் நடுப்பகுதி சீக்கிரம் உறையும். கடைக்காரர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: "ஓவரா போட்டிருக்கீங்க." அடுத்த முறை வோல்டேஜ் சரியில்லை என்றார். அதற்கடுத்து, "வாற கிழமை ஆள் அனுப்புறன்." வாற கிழமை, வாற கிழமை என்று ஒக்டோபர் வந்துவிட்டது.

பிறகுதான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்தை நினைத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு நான்கு மாதம் தாண்டியிருந்தது. அந்த "வாற கிழமை"யெல்லாம் சும்மா சொன்னதில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். தகடு இல்லையென்றால் விலை எதுவானாலும் படியிறங்கி வந்துவிடுங்கள். தகட்டில் நான்கு நட்சத்திரக் குறி இருந்தால்தான் புதிய இறைச்சியை உறையவைக்கலாம். ஒரு நட்சத்திரம் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12. மூன்று மைனஸ் 18தான், ஆனால் ஏற்கனவே உறைந்ததை வைக்க மட்டும். காலநிலை வகுப்பு என்று ஆங்கில எழுத்தும் இருக்கும். 'என்' (N) என்றால் சுற்றுப்புறச் சூடு 32 பாகை வரை தாங்கும், 'எஸ்டி' (ST) 38 வரை, 'டீ' (T) 43 வரை. கொழும்புக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்றால் 'டீ'தான் சரி. 24 மணித்தியாலத்தில் எத்தனை கிலோ உறையவைக்கும் என்பதையும் தகட்டிலோ கையேட்டிலோ பார்க்கலாம். அந்த மொடலையும் தொடர் இலக்கத்தையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நான் பிறகு கடன்பட்டு 200 லீட்டர் புதுப்பெட்டி ஒன்று எடுத்தேன், மேலே திறக்கும் வகை. திறந்தாலும் குளிர் கீழேயே கிடக்கும் என்பதால் கரண்ட் போகும் ஊருக்கு இதுதான் தோது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஏறி நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமை, மூடியைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி மேலே ஒரு கதிரையையும் வைத்தேன். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணித்தியாலம் தாங்கும், பாதி என்றால் 24. எங்களுடையது நிறைந்திருந்தது. ஒரு ரோல்ஸ்கூட இளகவில்லை.

பழைய கடைக்காரர் போன மாதம் அழைத்தார். பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால் 30,000 தருவாராம். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது அல்லவா, இன்னொரு கோட் வெள்ளை அடித்தால் இன்னொரு 95,000. தரமாட்டேன் என்றேன். அது குசினி மூலையில் நிற்கிறது, பிளக் கழற்றி, உள்ளே இரண்டு மூட்டை அரிசியும் கோதுமை மாவும். எலி ஏறவில்லை என்பதில் உம்மாவுக்கு மட்டும் திருப்தி.