நல்ல காருக்குக் கல் டயர்

நான் ஓட்டும் அதே மாடலில் பழைய கார் ஒன்று நண்பர் ஒருவரின் கண்ணில் பட்டிருக்கிறது. விலை நன்றாக இறங்கியிருக்கிறதாம். "இத்தனை வருடமாக வைத்திருக்கிறாயே, வாங்கலாமா?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. முன்பக்க இடது டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு கிளம்பியிருந்தது. ரிம்மின் உள்விளிம்பும் நெளிந்திருந்தது. டயர் கடையில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தக் கேள்வியைப் படித்தேன். "வேண்டாம்" என்று பதில் அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து இப்போது விரிவாக எழுதுகிறேன். கோபம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. காரணம் மட்டும் மாறியிருக்கிறது.

இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம். மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த ஸ்போர்ட்ஸ் செடான் வகுப்பில் யாருடைய காரை வைத்திருந்தாலும் இதில் பாதியாவது உங்களுக்குப் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கு மனம் வராது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளை ஒட்டியே முழு முறுக்குவிசையையும் கொடுத்துவிடுகிறது. முன்னால் போகும் லாரியைத் தாண்ட ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தினாலே போதும். கியர்பாக்ஸோ இந்தக் காரின் மிகச் சிறந்த உறுப்பு. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 2009இல் கொண்டுவந்த 8எச்பி வகை. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஆல்ஃபா ரோமியோ ஜூலியா, ஜாகுவார் எக்ஸ்இ என்று ஒன்றோடொன்று போட்டியிட்ட கார்களுக்கெல்லாம் இதே குடும்பத்துக் கியர்பாக்ஸ்தான். உள்ளே கிளட்ச், பிரேக் இரண்டும் சேர்த்து மொத்தம் ஐந்து உறுப்புகள். எந்தக் கியரிலும் அவற்றில் இரண்டு மட்டுமே விடுபட்டிருக்கும். அடுத்த கியருக்குப் போக ஒன்றைப் பிடித்து ஒன்றை விட்டால் வேலை முடிந்தது. இத்தனை ஆண்டுகளில் அது தடுமாறி நான் பார்த்ததில்லை. வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால், நான் நினைக்கும் கியருக்கு எனக்கு முன்பே இறங்கி நிற்கிறது.

வளைவில் இந்தக் கார் நடந்துகொள்ளும் விதத்துக்காகத்தான் இந்த வகுப்புக்கே வந்தேன். பேட்டரியை டிக்கிக்குள் தள்ளி, எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் இழுத்து, எடையை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு உள்ளே போகிறது. பாதி வளைவில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினால் பின்சக்கரங்கள் காரைப் பின்னாலிருந்து தள்ளுவது இருக்கையிலேயே தெரிகிறது. எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் வந்தபின் சாலையின் சேதி கைக்கு வருவது குறைந்துவிட்டது என்று பழைய ஹைட்ராலிக் ரசிகர்கள் குறைப்படுவார்கள். உண்மைதான். இருந்தும் ரசித்து ஓட்ட இது போதும்.

இனி டயர். காரோடு வந்தவை 19 அங்குல ரிம்மில் ரன்-ஃபிளாட் டயர்கள். காற்று முழுவதும் போனாலும் காரின் எடையைத் தாங்குவதற்காக இவற்றின் பக்கச்சுவருக்குள் கெட்டியான ரப்பர் வைத்திருப்பார்கள். பஞ்சரான பிறகும் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். அதனால் ஸ்டெப்னி தேவையில்லை, எடை குறைகிறது, டிக்கி பெரிதாகிறது. காகிதத்தில் அருமையான யோசனை.

சாலையில் கதை வேறு. முன் டயர் 225/40. அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். அந்த 90 மில்லிமீட்டரும் வளையாமல் விறைத்து நிற்கிறது. மேம்பாலங்களின் இணைப்புகளைக் கடக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 'டம்' என்று முதுகெலும்பில் ஓர் அடி. சின்னப் பள்ளத்தில் இறங்கினால் கோப்பை வைக்கும் இடத்தில் கிடக்கும் சாவி துள்ளுகிறது. சொரசொரப்பான சாலையில் எழும் இரைச்சலுக்கு, பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். ஷாக் அப்சார்பர் போய்விட்டதோ என்று சர்வீசில் கேட்டேன். சோதித்துவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான்" என்றார்கள். அந்த 'இப்படித்தான்' என்ற பதிலைப் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருக்க வைத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ரன்-ஃபிளாட்டுக்கு நான் கடன்பட்டதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஓர் இரவு, கொட்டும் மழை, ஒதுங்க இடமில்லாத விரைவுச் சாலை. காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஆணி ஏறியிருந்தது. ஆனாலும் வண்டியை விட்டு இறங்காமல், வேகத்தைக் குறைத்து வீடு வந்து சேர்ந்தேன். சாதாரண டயராக இருந்திருந்தால் லாரிகள் பறக்கும் ஓரத்தில் ஜாக்கியோடு மல்லுக்கட்டியிருப்பேன். மறுநாள் கடைக்காரர் அந்த டயரைக் கையில் எடுக்கவே இல்லை. காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட்டின் உட்சுவர் எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்று வெளியே தெரியாதாம். சின்ன ஆணி ஓட்டைக்குப் புது டயர் வாங்கினேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2005இல் வந்த 3 சீரிஸ் தலைமுறையில் சாதாரண வகைகளுக்கெல்லாம் ரன்-ஃபிளாட்டை மாட்டிய பிஎம்டபிள்யூ, அதே தலைமுறையின் அதிவேக வகையான எம்3க்கு மாட்டவில்லை. பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்குச் சாதாரண டயரும் பஞ்சர் பசையும். அலுவலகம் போய் வருபவருக்குக் கல் டயர். வேகமாக ஓட்டுபவனுக்கு எது நல்லது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இந்த முறை புடைப்பு வந்ததும் மொத்தத்தையும் கழற்றச் சொல்லிவிட்டேன். இதே மாடலின் அடிப்படை வகையில் வரும் 17 அங்குல ரிம் ஒரு செட் கிடைத்தது. பிரேக் காலிப்பரில் இடிக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் 225/50 சாதாரண டயர். பக்கச்சுவரின் உயரம் 90லிருந்து 112 மில்லிமீட்டருக்கு மேல் போய்விட்டது. சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ அதேதான், ஒரு சதவீதம்கூட மாறவில்லை என்பதால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லவில்லை. முன்பு பின்டயர் 255 என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட வழியில்லாமல் இருந்தது. இப்போது அதுவும் முடிகிறது.

கடையிலிருந்து வெளியே வந்து முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். 'டம்' இல்லை. கார் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டதுபோல் அமிழ்ந்து எழுந்தது, அவ்வளவுதான். மேம்பால இணைப்புகள் காதில் விழுகின்றன, முதுகுக்கு வருவதில்லை. பாதி வளைவில் ஒரு பள்ளம் வந்தால் முன்பு கார் பக்கவாட்டில் ஓர் அங்குலம் எகிறும். இப்போது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறுகிறது, காரின் உடல் தன் பாட்டுக்குப் போகிறது. இத்தனை நல்ல சஸ்பென்ஷன் இதே காருக்குள் முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது! ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்பும்போது முன்பிருந்த வெடுக்கென்ற பதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பத்து நிமிடம் ஓட்டினால் மறந்துபோகும். பதிலுக்கு டிக்கியில் ஒரு கம்ப்ரஸரும் பஞ்சர் பசையும் இடம் பிடித்திருக்கின்றன. பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது என்பதையும் மனத்தில் வைத்திருக்கிறேன்.

மற்றவை சில்லறை. சிக்னலில் எஞ்சினை அணைக்கும் வசதியை ஒவ்வொரு முறையும் நானே அணைத்துவைக்க வேண்டியிருக்கிறது. பின்னிருக்கையின் நடுவில் யாரும் உட்கார முடியாது, தரையில் அத்தனை பெரிய மேடு. பிரேக் தூள் முன் ரிம்களைக் கழுவிய வாரத்திலேயே கறுப்பாக்கிவிடுகிறது. ஸ்போர்ட் மோடில் ஸ்பீக்கர் வழியாகப் போலி எஞ்சின் சத்தம் வேறு. யார் கேட்டார்கள் அதை?

தீர்ப்பு என்ன? இவ்வளவு புகழ்ந்தபின் வாங்கச் சொல்வேன் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். சொல்லப் போவதில்லை. நான் புகழ்ந்த காரை யாரும் விற்கவில்லை. விற்கப்படுவது அதன் கல் டயர் வடிவம். மற்றதைக் கூடுதல் பணம் போட்டு நாமே தோண்டி எடுக்க வேண்டும். கோபம் தணிந்த ஒருநாள் கேட்டால் வேறு பதில் வரலாம். கேட்டது இப்போது.

அதையும் மீறி நண்பர் வாங்குவார் என்று தெரியும். காரை லிஃப்டில் ஏற்றி ரிம்களின் உட்பக்கத்தைப் பார்க்கட்டும். நெளிவு வெளியிலிருந்து தெரியாது. டயரில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கங்களில் இருக்கும், 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். டிரெட், அதாவது தரையைத் தொடும் பகுதியின் வரிப்பள்ளம், ஆழமாக இருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 'நான்கும் புத்தம் புது ரன்-ஃபிளாட்' என்று விற்பவர் பெருமைப்பட்டால் அவற்றைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை விலையில் குறைக்கச் சொல்லட்டும்.