காற்றால் கப்பல் ரத்தானால் டிக்கெட் பணம் போய்விடாது

கடந்த ஆகஸ்டில் அம்மாவும் நானும் ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நாக்சோஸ் தீவுக்குப் புறப்பட்டோம். துறைமுகத்துக்கு எதிரில் இருந்த ஒரு முகவரிடம் முந்தின நாளே 96 யூரோவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தேன்.

காலை 7.30 கப்பலுக்கு ஆறு மணிக்கே போய்விட்டோம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் எந்தக் கப்பலும் கிளம்பவில்லை. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வீசும் மெல்டெமி என்ற வடகாற்று இப்படித்தான். வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே கடல் கொந்தளிக்கும். காற்று வலுத்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைத் தடுத்துவிடுவார்கள். அது பயணிகளின் உயிருக்காகச் செய்வது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தமெல்லாம் அந்த முகவர் மீதுதான். “காற்றுக்கு யார் பொறுப்பு? பணம் திரும்ப வராது. நாளை மறுநாள் கப்பலில் நான்கே இடம் இருக்கிறது, உடனே எடுங்கள்” என்றார். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. பெட்டியின் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்காமல் இன்னொரு 96 யூரோ கொடுத்தேன். பழைய டிக்கெட்டுகளையும் “இனி இவை செல்லாது” என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று மாலை விடுதியில், அதே கப்பலுக்குக் காத்திருந்த ஒரு கிரேக்கத் தம்பதியைச் சந்தித்தோம். கப்பல் நிறுவனத்தின் கவுண்டரிலேயே காசு கொடுக்காமல் தேதி மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். மறுநாள் அங்கே போய்க் கைப்பேசியிலிருந்த டிக்கெட் படத்தைக் காட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, எங்கள் டிக்கெட்டுகளை முகவர் முந்தின நாளே ரத்து செய்துவிட்டார், பணம் அவர் வழியாகத்தான் வரும் என்றார். நிற்க முடியாத அளவு கோபம் வந்தது. முகவரிடம் திரும்பிப் போனால், கடையில் இருந்த பையன் “முதலாளி இல்லை” என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிமுறையைப் பிறகுதான் படித்தேன். கப்பல் ரத்தானாலோ, புறப்பட 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, கூடுதல் கட்டணம் இல்லாமல் அடுத்த கப்பலில் போவதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்பதைப் பயணியே முடிவு செய்யலாம். பணம் ஏழு நாளுக்குள் வர வேண்டும். காற்றைக் காரணம் காட்டி விடுதிச் செலவையும் தனி இழப்பீட்டையும் மறுக்கலாம். டிக்கெட் பணத்தை மறுக்க முடியாது. புகார் கொடுக்க இரண்டு மாத அவகாசம் உண்டு.

நாங்கள் நாக்சோஸ் போய்த் திரும்பி, கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம். அந்த 96 யூரோ இன்னும் வரவில்லை. கப்பல் ரத்தென்று கேட்டதும் முகவரிடம் ஓடாதீர்கள். நேரே நிறுவனத்தின் கவுண்டருக்குப் போங்கள். டிக்கெட் தாளை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.